பாய் விரிக்கும் நிழல்: பாய்மரப் படகில் சூரிய மின்சாரம்

ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில், ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கும் கனேரித் தீவுகளின் லாஸ் பால்மாஸ் துறைமுகத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட பாய்மரப் படகுகள் ஒன்றாகக் கிளம்புகின்றன. கரீபியக் கடலில் இருக்கும் செயின்ட் லூசியா தீவுதான் அவை போய்ச் சேரும் இடம். இடையில் கிடக்கும் அட்லாண்டிக் பெருங்கடலின் அகலம் 2,700 கடல் மைல், அதாவது 5,000 கிலோமீட்டர். 1986இல் ஜிம்மி கார்னெல் தொடங்கிவைத்த 'ஆர்க்' என்ற இந்தக் கூட்டுப் பயணத்தில் கணவன் மனைவி இருவர் மட்டுமே ஓட்டும் சிறு படகுகளும் உண்டு. பதினொரு மீட்டர் நீளமுள்ள படகு என்றால் கரை சேர ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும்.

அந்த மூன்று வாரமும் படகைத் தள்ளுவது காற்று. அதற்குக் காசு இல்லை. ஆனால் படகுக்குள் மின்சாரம் வேண்டும். இரவில் எரியும் அடையாள விளக்கு, சுக்கானைப் பிடிக்கும் தானியங்கிக் கருவி, பெரிய கப்பல்கள் நெருங்கினால் எச்சரிக்கும் ஏ.ஐ.எஸ்., வானொலி, குளிர்பெட்டி என எல்லாமே பேட்டரியை நம்பி ஓடுகின்றன. முன்பெல்லாம் இதற்காக டீசல் எஞ்சினை நாள்தோறும் ஒன்றிரண்டு மணி நேரம் ஓட்டுவார்கள். சுமை இல்லாமல் எஞ்சின் ஓடினால் சிலிண்டருக்குள் கரி படியும், டீசலும் தீரும், சத்தமும் புகையும் தனி. இன்று அந்த வேலையைப் பெரும்பாலும் சோலார் பேனல்கள் எடுத்துக்கொண்டுவிட்டன.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சாப்பின், ஃபுல்லர், பியர்சன் ஆகிய மூவர் 1954இல் காட்டிய முதல் சிலிக்கன் சூரியமின்கலம் வெளிச்சத்தில் 6 சதவீதத்தைத்தான் மின்சாரமாக்கியது. இன்று கடையில் கிடைக்கும் பேனல்கள் 20 சதவீதத்தைத் தாண்டுகின்றன. அதனால்தான் இரண்டு சதுர மீட்டர் இடத்தில் 400 வாட் வைக்க முடிகிறது. சிறு படகுக்கும் சூரியன் கட்டுப்படியாகிறது.

ஆனால் பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் வாட் எண்ணைப் பார்த்து வாங்குகிறவர்கள் கடலில் ஏமாந்துபோகிறார்கள். காரணம் எளிமையானது. காற்றைப் பிடிக்க எது உயர்ந்து நிற்கிறதோ, அதுவே வெயிலை மறைக்கிறது. பாய்மரப் படகில் எவ்வளவு மின்சாரம் கிடைக்கும் என்பதை நிழல்தான் தீர்மானிக்கிறது. பேனலைத் தேர்ந்தெடுப்பதற்கும், பொருத்துவதற்கும், இணைப்பதற்கும் தொடக்கப்புள்ளி அந்த நிழல்தான்.

முதலில் செலவுக் கணக்கு

எவ்வளவு மின்சாரம் தேவை என்று தெரியாமல் பேனல் வாங்கக் கூடாது. மேலே சொன்ன பதினொரு மீட்டர் படகையே எடுத்துக்கொள்வோம். அதன் பேட்டரி 12 வோல்ட்.

குளிர்பெட்டியின் கம்ப்ரசர் ஓடும்போது 45 வாட் இழுக்கும். வெப்பமண்டலக் கடலில் அது பாதி நேரம் ஓடும் என்று வைத்தால் நாளுக்கு 540 வாட்-மணி. தானியங்கிச் சுக்கான் சராசரியாக 36 வாட். ஆனால் 24 மணி நேரமும் ஓயாது என்பதால் 860 வாட்-மணியைத் தாண்டும். வரைபடத் திரையும் காற்று, ஆழம், வேகம் காட்டும் கருவிகளும் சேர்ந்து 290. வானொலியும் ஏ.ஐ.எஸ். கருவியும் 200. பாய்மர உச்சியில் எரியும் எல்.இ.டி. விளக்கு இரவு முழுக்க எரிந்தாலும் 30தான். அறை விளக்கு, மின்விசிறி, கைபேசி, மடிக்கணினி எல்லாம் சேர்த்து இன்னொரு 200. கூட்டிப் பார்த்தால் 2,100 வாட்-மணிக்கு மேல் வருகிறது. வீட்டு மின்கட்டணக் கணக்கில் சொன்னால் நாளுக்கு இரண்டு யூனிட்டுக்குச் சற்று அதிகம்.

இந்தப் பட்டியலைக் கையால் எழுதிப் பார்ப்பதில் ஒரு நன்மை உண்டு. எது அதிகம் தின்கிறது என்பது கண்ணில் படும். இங்கே பெரிய செலவாளி தானியங்கிச் சுக்கான். மொத்தத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அதற்கே போகிறது. ஆனால் மின்சாரமே இல்லாமல் படகைத் திசை மாறாமல் செலுத்தும் இயந்திரம் ஒன்று அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் புழக்கத்தில் இருக்கிறது. பின்புறத்தில் சிறு காற்றுத் தகடு ஒன்று நிற்கும். படகு காற்றைவிட்டு விலகினால் தகடு சாயும். அந்தச் சாய்வு சுக்கானைத் திருப்பும். 1960இல் நடந்த முதல் தனியாள் அட்லாண்டிக் பந்தயத்தில் பிளாண்டி ஹாஸ்லரும், வென்ற பிரான்சிஸ் சிச்செஸ்டரும் இத்தகைய கருவிகளைத்தான் நம்பினார்கள். நீண்ட பயணத்துக்கு இதைப் பொருத்தினால் நமது கணக்கு 2,100இலிருந்து 1,260 வாட்-மணிக்கு இறங்கிவிடும். மின்சாரத்தைச் சேமிப்பது எப்போதும் அதை உண்டாக்குவதைவிட மலிவு.

அடுத்து வரவு. வெப்பமண்டல அட்லாண்டிக்கில் டிசம்பர் மாதத்தில் கிடையான ஒரு சதுர மீட்டரில் நாளுக்கு ஏறத்தாழ 5 யூனிட் அளவுக்குச் சூரிய ஆற்றல் விழுகிறது. பேனலின் வாட் எண், ஒரு சதுர மீட்டரில் 1,000 வாட் வெளிச்சம் விழும்போது, மின்கலத்தின் வெப்பம் 25 டிகிரி செல்சியஸாக இருக்கும்போது அளந்தது. எனவே 100 வாட் பேனல் ஐந்து மணி நேர முழு வெயிலுக்கு 500 வாட்-மணி தர வேண்டும். உண்மையில் அப்படித் தருவதில்லை. கடலிலும் பேனல் 65 டிகிரி வரை சூடாகும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் குறையும் என்பதால் சூட்டிலேயே 14 சதவீதம் போய்விடும். நிழல், உப்புப் படிவு, ஒயரில் இழப்பு, பேட்டரி இழப்பு எல்லாம் கழித்தால் 100 வாட்டுக்கு 300 வாட்-மணி என்று எதிர்பார்ப்பது நியாயமானது. அப்படியானால் 1,260 வாட்-மணிக்கு 420 வாட் பேனல் போதும். தானியங்கிச் சுக்கானும் வேண்டும் என்றால் 700 வாட் தேவை. அதற்கு மூன்றரை சதுர மீட்டர் இடம் வேண்டும். பதினொரு மீட்டர் படகில் நிழல் படாத மூன்றரை சதுர மீட்டர் கிடைப்பது அரிது.

ஒரு கலத்தில் விழும் நிழல்

சூரிய ஆற்றலால் மட்டுமே உலகைச் சுற்றிய முதல் படகான 'பிளானெட்சோலார்' 2010 செப்டம்பரில் மொனாகோவிலிருந்து கிளம்பி 2012 மே மாதத்தில் திரும்பியது. 31 மீட்டர் நீளமுள்ள அந்தப் படகின் மேல் 537 சதுர மீட்டர் பேனல் விரிந்திருந்தது. கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 முதல் ஓடும் 'ஆதித்யா' படகு 75 பயணிகளை ஏற்றிக்கொண்டு கூரையில் இருக்கும் பேனல்களின் பலத்தில் ஓடுகிறது. இவ்விரண்டிலும் பாய்மரம் இல்லை. கூரை முழுக்க வெயில். பாய்மரப் படகின் நிலைமை வேறு என்பதைப் புரிந்துகொள்ள, பேனலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரு சிலிக்கன் மின்கலம் அரை வோல்ட்டுக்குச் சற்று மேல்தான் தரும். 12 வோல்ட் பேட்டரியை நிரப்ப அது போதாது. எனவே 36 கலங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைத்து 18 வோல்ட் ஆக்குகிறார்கள். தொடர் இணைப்பில் எல்லாக் கலங்களின் வழியாகவும் ஒரே மின்னோட்டம்தான் பாய முடியும். கட்டட வேலையில் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றுகிறவர்களில் ஒருவர் சுணங்கினால், மற்ற அத்தனை பேரும் அவர் வேகத்துக்குத்தான் வேலை செய்ய முடியும். பேனலிலும் அப்படித்தான். 36 கலங்களில் ஒன்று மட்டும் நிழலில் மாட்டினாலும் மீதி 35 கலங்களின் உழைப்பு அதன் அளவுக்கு இறங்கிவிடும். அதோடு, மற்ற கலங்கள் தள்ளும் மின்னோட்டத்தைத் தாங்க முடியாமல் அந்த ஒற்றைக் கலம் சூடேறிக் கருகவும் கூடும்.

இதைத் தடுக்கத்தான் பேனலின் பின்புறப் பெட்டியில் பைபாஸ் டயோடு வைக்கிறார்கள். நிழல் விழுந்த குழுவை விட்டுவிட்டு மின்னோட்டம் சுற்றுவழியில் போக அது வழிவிடும். 36 கலப் பேனலில் பொதுவாக இரண்டு டயோடு, ஒவ்வொன்றுக்கும் 18 கலம். இங்கேதான் சிக்கல். ஒரு குழு விலகினால் மிச்சம் 9 வோல்ட்தான். 12 வோல்ட் பேட்டரிக்குள் 9 வோல்ட்டால் மின்சாரத்தைத் தள்ள முடியாது. ஆக, பாதிப் பேனல் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தாலும் கிடைப்பது நிழல்பட்ட கலம் தரும் சொற்ப மின்னோட்டம் மட்டுமே.

எந்த நிழல் எவ்வளவு கெடுக்கும்? பாய்மரத்தைத் தாங்கும் எஃகு வடத்தின் தடிமன் 8 மில்லிமீட்டர். ஒரு கலத்தின் அகலம் 16 சென்டிமீட்டர். அந்த வடத்தின் நிழல் ஒரு கலத்தின் மேல் நேராக விழுந்தால் அதற்கு வரும் நேரடி வெளிச்சத்தில் 5 சதவீதம் குறையும். அது பொறுத்துக்கொள்ளக்கூடியது. பெரிய பாயின் அடியில் கிடையாக நிற்கும் பூம் என்ற தண்டு 12 சென்டிமீட்டர் தடிமன் இருக்கும். அதன் நிழல் ஒரு கலத்தின் முக்கால் பங்கை மூடிவிடும். பாய்மரத்தின் நிழலும் அப்படியே. பாயின் நிழலோ பேனலையே விழுங்கும். ஆகவே வடங்களைப் பற்றிக் கவலைப்படுவதைக் குறைத்துக்கொண்டு, பூமும் பாய்மரமும் பாயும் எங்கே நிழல் போடுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும்.

பயணத்தில் ஒரு வெயில், நங்கூரத்தில் ஒரு வெயில்

இந்த அட்லாண்டிக் பாதையில் வீசுவது வடகிழக்கு வியாபாரக் காற்று. படகு மேற்கே போகிறது. காற்று பின்புறம் வலப்பக்கத்திலிருந்து வருவதால் பாய் இடப்பக்கம், அதாவது தெற்கே விரிந்திருக்கும். டிசம்பரில் 15 டிகிரி வடக்கு அட்சரேகையில் நண்பகல் சூரியன் தெற்கே 53 டிகிரி உயரத்தில் நிற்கும்.

இவற்றைச் சேர்த்துப் பாருங்கள். காலையில் சூரியன் படகுக்குப் பின்னால், கிழக்கே. பின்புறத்தில் பொருத்திய பேனலுக்குத் தடையில்லாத வெயில். நண்பகலில் சூரியன் இடப்பக்கம். பாயின் நிழல் படகின் முன்பாதியில் விழும். பின்புறம் ஓரளவு தப்பும். பிற்பகலில் சூரியன் படகுக்கு முன்னால் தென்மேற்கே இறங்கும்போது பாய்களின் நிழல் அப்படியே பின்புறத்தில், முக்கியமாக வலப்பக்கத்தில் சாயும். எனவே இந்தப் பயணத்தில் பின்புறப் பேனல் சம்பாதிப்பது பெரும்பாலும் காலையிலிருந்து பிற்பகலின் தொடக்கம்வரை. இடப்பக்க வேலியில் பொருத்திய பேனல் வலப்பக்கப் பேனலைவிட அதிகம் தரும். பேனலைத் தெற்கே 15 டிகிரி சாய்த்து வைக்க முடிந்தால் நண்பகலின் நேரடி வெயிலில் கிட்டத்தட்ட 16 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும்.

கரீபியத் தீவொன்றில் நங்கூரம் போட்டதும் எல்லாம் தலைகீழாகிறது. நங்கூரத்தில் நிற்கும் படகு காற்றை நோக்கி முகம் திருப்பும். காற்று கிழக்கிலிருந்து வருவதால் படகின் முன்புறம் கிழக்கே, பின்புறம் மேற்கே. இப்போது காலைச் சூரியன் முன்னால் இருப்பதால் பாய்மரத்தின் நீண்ட நிழல் பின்புறப் பேனலின் மேல் அங்குமிங்கும் ஆடும். பிற்பகல்தான் நல்ல வெயில். நண்பகல் சூரியன் இப்போது வலப்பக்கம். பாய் சுருட்டிக் கட்டிய பூமை இடப்பக்கம் தள்ளிக் கட்டிவிட்டால் அதன் நிழல் கடலில் விழும்; நடுவிலேயே விட்டுவிட்டால் பேனலுக்கு நட்டம். ஒரு கயிற்றை இழுத்துக் கட்டும் இந்த வேலைக்குச் செலவு எதுவும் இல்லை. ஆனால் அன்றைய மின்சாரத்தில் தெரியும் மாற்றம் பெரிது.

வேறு பாதைக்கு வேறு கணக்கு. வடக்கு நோக்கிப் போகிறவருக்கும் மத்தியதரைக் கடலில் தீவுதீவாகச் சுற்றுகிறவருக்கும் நிழல் வேறு இடத்தில் விழும். ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் மாறுவதில்லை: சூரியன் எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம், படகின் முகம் எந்தப் பக்கம்?

எங்கே பொருத்துவது

நிழலைத் தெரிந்துகொண்ட பிறகு இடம் தானாகத் தேறும். பின்புறத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயால் வளைவுச் சட்டம் அமைத்து அதன் மேல் பேனலை ஏற்றுவது பெரும்பாலான நெடும்பயணிகளின் முடிவு. பூமின் நுனியைத் தாண்டி வெளியே இருப்பதால் நிழல் குறைவு. மேலும் கீழும் காற்று ஓடுவதால் சூடும் குறைவு. ஆனால் உயரத்தில் எடை ஏறுகிறது, காற்றும் பிடிக்கிறது. மணிக்கு 74 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டர் தகட்டில் நேராக மோதினால் ஏறத்தாழ 25 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். 111 கிலோமீட்டர் காற்றில் அது 60 கிலோவைத் தொடும். காற்றின் வேகம் ஒன்றரை மடங்கானால் விசை இரண்டேகால் மடங்காகும் என்பதே இதன் விதி. அமைதியான துறைமுகத்தில் ஆடாமல் நிற்கும் சட்டம் புயலில் அப்படி நிற்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. குறுக்குத் தாங்கிகள் வேண்டும். தளத்தில் ஊன்றும் இடத்துக்கு அடியில் அகலமான உலோகத் தகடு வைத்து முடுக்க வேண்டும்.

ஓட்டுநர் அமரும் இடத்துக்கு மேல் விரிக்கும் துணிக் கூரையில் வளையும் பேனலை ஜிப் வைத்துத் தைத்துப் பொருத்துவதும் உண்டு. எடை குறைவு, புயல் வந்தால் கழற்றி உள்ளே வைக்கலாம். ஆனால் அந்தக் கூரை பூமுக்கு நேர் கீழே இருப்பதால் நண்பகல் நிழல் அங்கேதான் விழும். பக்கவாட்டு வேலிக் கம்பிகளில் கீல் வைத்து மாட்டும் பேனல்களைச் சூரியனுக்கு ஏற்ப உயர்த்தித் தாழ்த்தலாம்; பெரிய அலை அடிக்கும்போது முதலில் அடி வாங்குவதும் அவைதான். தளத்திலேயே ஒட்டிவிடுவது பார்வைக்கு அழகு. நிழலும் மிதியும் அங்கே அதிகம் என்பதால் அதைக் கடைசி வழியாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

எந்தப் பேனல்

கண்ணாடியும் அலுமினியச் சட்டமும் கொண்ட கெட்டிப் பேனலா, வளையும் பேனலா? கெட்டிப் பேனல் 100 வாட்டுக்கு ஆறேழு கிலோ இருக்கும். வளையும் பேனல் இரண்டு கிலோ. எடை குறைவு என்பது வளையும் பேனலின் உண்மையான பலம். ஆனால் மிதிபட்டும் வளைந்தும் அதன் மெல்லிய சிலிக்கன் கலங்களில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் விழுகின்றன. தளத்தோடு ஒட்டும்போது அடியில் காற்றோட்டம் இல்லாமல் சூடேறி, விளைச்சலும் ஆயுளும் குறைகின்றன. கெட்டிப் பேனலுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் சாதாரணம். வளையும் பேனலுக்கு அது சில ஆண்டுகள்தான். கெட்டிப் பேனலுக்கு இடம் இருக்கும் படகில் கெட்டிப் பேனலையே வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வளையும் பேனல் தவிர்க்க முடியாது என்றால், மேற்பரப்பு இ.டி.எஃப்.இ. என்ற பொருளால் ஆனதா என்று கேட்டு வாங்க வேண்டும், பி.இ.டி. பரப்பு வெயிலில் சீக்கிரம் மங்கும்.

வீட்டுக் கூரைக்கென்று செய்யப்படும் 400 வாட் பேனலை வளைவுச் சட்டத்தில் வைக்கும் வழக்கம் இப்போது பரவுகிறது. அது விலை மலிவு என்பதற்காக மட்டுமல்ல. அத்தகைய பேனலில் 31 வோல்ட் அளவுக்குக் கிடைக்கும். டயோடும் மூன்று இருக்கும். நிழலால் மூன்றில் ஒரு பங்கு விலகினாலும் மிச்சம் 20 வோல்ட் இருக்கும். 12 வோல்ட் பேட்டரி தொடர்ந்து நிரம்பும். மேலும், இவை பாதியாக வெட்டிய கலங்களால் ஆனவை. மேல்பாதியும் கீழ்பாதியும் தனித்தனியாக இயங்கும்படி இணைத்திருப்பார்கள். கீழ்பாதியில் நிழல் விழுந்தால் மேல்பாதி பாதிக்கப்படாது. எடை 21 கிலோ என்பதைச் சட்டம் தாங்க வேண்டும்; அவ்வளவுதான். வாங்கும்போது ஐ.இ.சி. 61701 என்ற உப்புமூட்டச் சோதனையில் தேறிய பேனலா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கன்ட்ரோலரும் பேட்டரியும்

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜ் கன்ட்ரோலர் வேண்டும். பழைய பி.டபிள்யூ.எம். வகை பேனலைப் பேட்டரியின் வோல்ட் அளவுக்கு இழுத்துவிடும். 18 வோல்ட்டில் 5.5 ஆம்பியர் தரும் 100 வாட் பேனல், 13 வோல்ட் பேட்டரியோடு அப்படி இணைந்தால் 72 வாட்தான் தரும். எம்.பி.பி.டி. வகை, பேனலை அதன் சிறந்த வோல்ட்டிலேயே வேலை செய்யவிட்டு, அதிகப்படி வோல்ட்டை ஆம்பியராக மாற்றிப் பேட்டரிக்குத் தரும். 31 வோல்ட் பேனலுக்கு எம்.பி.பி.டி. தவிர வேறு எதுவும் பொருந்தாது.

இங்கேயும் நிழல்தான் வழிகாட்டி. இடப்பக்கத்திலும் வலப்பக்கத்திலும் இருக்கும் பேனல்களில் ஒரே நேரத்தில் ஒரே வெயில் விழுவதில்லை. அவற்றைத் தொடரில் இணைத்தால் ஒன்றின் நிழல் மற்றதையும் இழுத்துவிடும். எனவே ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனிச் சிறு கன்ட்ரோலர் வைப்பது பெரிய ஒன்றை வைப்பதைவிட நல்லது. ஒன்று பழுதானாலும் நடுக்கடலில் மற்றது காப்பாற்றும்.

பேட்டரி இரவையும் ஒரு மேகமூட்டமான பகலையும் தாண்ட வேண்டும். ஈய-அமில பேட்டரியை அதன் கொள்ளளவில் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் குறையும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை 80 சதவீதம்வரை தாராளமாகப் பயன்படுத்தலாம். நமது படகுக்கு 200 ஆம்பியர்-மணி (ஏ.எச்.) லித்தியம் பேட்டரி இரண்டு யூனிட் கொடுக்கும். எடை 25 கிலோவுக்குள். அதே பயனை ஈய-அமிலத்தில் பெற 350 முதல் 400 ஏ.எச். வேண்டும், எடை நூறு கிலோவைத் தாண்டும். லித்தியத்துக்கு இன்னொரு நன்மையும் உண்டு. ஈய-அமில பேட்டரி கடைசி இருபது சதவீதத்தை மெதுவாக, மணிக்கணக்கில்தான் உறிஞ்சும். நண்பகல் வெயிலில் பாதி வீணாகும். லித்தியம் கிட்டத்தட்ட நிறையும்வரை கொடுத்ததை எல்லாம் வாங்கிக்கொள்ளும். நிழலுக்கு நடுவே கிடைக்கும் சில மணி நேர நல்ல வெயிலைத் தவறவிடக் கூடாத படகுக்கு இது பொருத்தம். ஆனால் பழைய எஞ்சின் ஆல்டர்னேட்டரோடு நேரடியாக இணைக்கக் கூடாது. லித்தியம் ஓயாமல் இழுப்பதால் ஆல்டர்னேட்டர் எரிந்துபோகலாம். நடுவில் அதற்கான சாதனம் வேண்டும்.

ஒயரும் உப்பும்

கன்ட்ரோலரை எங்கே வைப்பது? பேட்டரிக்கு அருகில். 400 வாட் பேனலிலிருந்து 31 வோல்ட்டில் வருவது 13 ஆம்பியர். 6 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயரில் பத்து மீட்டர் தூரம் போய்வரும்போது 0.76 வோல்ட் விழும், 2.4 சதவீத இழப்பு. கன்ட்ரோலரைப் பேனலுக்குக் கீழே வைத்து அதே ஒயரில் பேட்டரிக்குக் கொண்டுவந்தால், இப்போது பாய்வது 30 ஆம்பியர், விழுவது 1.75 வோல்ட், 13 சதவீதம். அது மட்டுமல்ல. கன்ட்ரோலர் தன் முனையில் தெரியும் அதிக வோல்ட்டைப் பார்த்துப் பேட்டரி நிறைந்துவிட்டது என்று எண்ணி முன்கூட்டியே நிறுத்திவிடும்.

ஒயர் வெள்ளீயம் பூசிய தாமிரமாக இருக்க வேண்டும். சாதாரணத் தாமிரம் உப்புக்காற்றில் உறைக்குள்ளேயே கறுத்து உதிரும். அலுமினியச் சட்டத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டை நேரடியாக முடுக்கினால், உப்புநீர் நனைந்ததும் இரண்டு உலோகங்களும் சேர்ந்து ஒரு மின்கலமாகி அலுமினியத்தை அரித்துவிடும். நடுவே நைலான் வாஷரும் காப்புப் பசையும் அவசியம். தளத்தில் துளையிடும்போது உள்ளே இருக்கும் மென்மரத்தில் நீர் இறங்காதபடி துளையைப் பெரிதாக்கி, எபாக்சியால் அடைத்து, அதன் பின்னர் திரும்பத் துளைக்க வேண்டும். பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகில் ஃபியூஸ் வைக்காமல் எதையும் இணைக்கக் கூடாது. படகில் தீப்பிடித்தால் ஓட இடம் இல்லை. நேர், எதிர் ஒயர்களை ஒன்றோடொன்று முறுக்கிக் கொண்டுபோனால் திசைகாட்டி பிறழாது. மலிவான கன்ட்ரோலர்கள் வானொலியில் இரைச்சலை ஏற்றும். அபாய அழைப்புக்கான 16ஆம் அலைவரிசையை ஆன் செய்து, கன்ட்ரோலரை இணைத்தும் துண்டித்தும் கேட்டுப் பார்க்க வேண்டும். இணைக்கும் வரிசை முக்கியம்: பேனலைத் துணியால் மூடுங்கள், முதலில் பேட்டரி, பிறகு பேனல்.

சூரியன் போதாத இடங்கள்

இந்தக் கணக்குகள் வெப்பமண்டலத்துக்கு. 50 டிகிரி வடக்கே டிசம்பரில் விழும் வெயில் இதில் பத்தில் ஒரு பங்குதான். தெற்குப் பெருங்கடலில் நாள்கணக்கில் மேகம் விலகாது. புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கேரளத்தின் தில்னாவும் இந்தியக் கடற்படையின் 'தாரிணி' பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2இல் கோவாவிலிருந்து கிளம்பி, கேப் ஹார்ன் முனையைச் சுற்றி, 2025 மே 29இல் திரும்பினார்கள். அத்தகைய பாதையில் போகிற எவரும் சூரியனை மட்டும் நம்பக் கூடாது. காற்றாலையோ, படகு ஓடும்போது நீரில் சுழன்று மின்சாரம் தரும் சிறு சுழலியோ, எஞ்சினோ துணைக்கு இருக்க வேண்டும்.

மற்ற கடல்களுக்கு வரிசை இதுதான்: செலவுக் கணக்கு, நிழல், இடம், கன்ட்ரோலர், பேட்டரி, ஒயர். பேனல் கடைசி. கடையில் முதலில் காட்டப்படுவது பேனல் என்பதால் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது.

படகு வைத்திருப்பவர்கள் ஒரு முழுநாளை இதற்கு ஒதுக்குங்கள். பேனல் வைக்க நினைக்கும் இடத்தில் ஓர் அட்டையைக் கட்டி, காலை எட்டு மணியிலிருந்து மாலை நான்கு மணிவரை மணிக்கொருமுறை அதில் நிழல் எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். படகு இல்லாதவர்களுக்கும் இந்தப் பாடம் உண்டு. வீட்டு மாடியில் சோலார் வைக்கப்போகிறவர்கள் தண்ணீர்த் தொட்டியின் நிழலையும் பக்கத்து வீட்டுச் சுவரின் நிழலையும் அதேபோல் குறித்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். ஒரு நாள் செலவழித்து நிழலைப் பார்த்தவர், அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு அதன் பலனைப் பெறுவார்.